மூன்றாம் வரிசையில் இடது கால்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கிட்ட. தூரத்தில் இருக்கிறவர்களுக்குச் சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை இது. சத்தம் போட்டால் வலிக்கும் என்று ஒரு ஊரே ஒரு வருசத்துக்கு மேல் குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகின கதை. காலை நீட்டிக்கிடுங்க, தப்பில்லை. நீட்டின காலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கிடுங்க. தொட்டது தெரியுதா? அது போதும். சொல்ல ஆரம்பிக்கலாம்.

மலை அடிவாரத்தில் நெடுங்கல்மேடு என்று ஒரு ஊர். சாயங்காலம் நாலு மணிக்கே மலையின் நிழல் இறங்கி வந்து ஊரை மூடிவிடும், அதனால் அங்கே எதுவும் சீக்கிரம் காயாது, துவைத்த துணி காயாது, அழுத கண் காயாது, காயாத இடத்தில் என்ன முளைக்குமோ அதுதான் அந்த ஊருக்குப் பிழைப்பாகவும் ஆயிற்று: சிப்பிக் காளான். பழைய நெல் குடோனுக்குப் பின்னால் பதினாலு பெண்கள் சேர்ந்து ஓலைக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி உலகம்மா. கொட்டகையில் ஒரே ஒரு ஆம்பளை உண்டு, வைக்கோல் அவிக்கிற மாசானம். உலகம்மாவுக்கு அவன் கொழுந்தன் முறை.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, தகர டிரம்மில் போட்டு ஒரு மணி நேரம் தளதளவென்று அவிக்க வேண்டும். ஆறவைத்து, ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பார்க்க வேண்டும். தண்ணீர் சொட்டினாலும் ஆகாது, உள்ளங்கை காய்ந்து கிடந்தாலும் ஆகாது, சொட்டு விழாமல் உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். அதுதான் பதம். பதம் வந்ததும் பிளாஸ்டிக் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஒரு கை விதை, ஓர் அடுக்கு வைக்கோல், ஒரு கை விதை என்று நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டால், இருபது நாளில் பை முழுக்க வெள்ளை நூல் ஓடிவிடும். கீறிவிட்டால் கீறின வழியாக மொட்டு எட்டிப் பார்க்கும். மூன்று பறிப்பு, அறுபது நாள், அதோடு அந்தப் பையின் ஆயுசு முடிந்தது.

அவர்களுக்கு இருந்த ஒரே பயம் பச்சை. வைக்கோல் அரைவேக்காடாக இருந்தாலோ, விதை போட்ட கை சுத்தமில்லாமல் இருந்தாலோ, வெள்ளை நூலின் மேல் பாசி நிறத்தில் ஒரு பொட்டு விழும். பொட்டு விழுந்த பையைக் குலுக்காமல் இறக்கி, வாயைக் கட்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஆழமாகப் புதைத்துவிட வேண்டும். இரக்கப்பட்டு விட்டுவைத்தால் காற்று அதை எடுத்துக்கொண்டுபோய் அத்தனை பையிலும் வைத்துவிடும். முன்பு ஒருமுறை அப்படி ஆகி, பதினாலு வீட்டிலும் ஆடி மாசம் முழுக்கக் கஞ்சிதான்.

மாசானத்தின் பெண்டாட்டி சிதம்பரவடிவு. ஊரில் வடிவு. ஊரிலேயே கெட்டிக்காரி யார் என்று கேட்டால் எவரும் யோசிக்காமல் அவள் வீட்டைக் காட்டுவார்கள். அவளுடைய புத்தி தலையில் இல்லை, விரலில் இருந்தது. பஞ்சாயத்து மோட்டார் தண்ணீர் எடுக்காமல் நின்றபோது, டவுனிலிருந்து வந்த மெக்கானிக் மோட்டாரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டிருக்க, இவள் போய்க் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து, "மோட்டார்ல ஒண்ணுமில்ல, அடி வால்வுல மண்ணு அடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குழாயை உருவிப் பார்த்தால் வால்வில் மண். மற்றவர்கள் எல்லாரும் கையுறை மாட்டி விதை போடும்போது அவள் மட்டும் மாட்ட மாட்டாள். "உறையை மாட்டிக்கிட்டா வைக்கோலு என்கூடப் பேசாதுக்கா" என்பாள் உலகம்மாவிடம். சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, வெறுங்கையால் போடுவாள். அவள் பையில் பச்சை விழுந்ததே கிடையாது.

ஒரு புரட்டாசியில் அது தொடங்கியது. கொட்டகை வாசலில் கால் நனைத்துவிட்டு வருவதற்காக மருந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. வடிவு அதில் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, கீழ பாரு!" என்று கத்தினாள் உலகம்மா. "என்னளா தண்ணி செவப்பா இருக்கு?"

வடிவு குனிந்து பார்த்தாள். "யாருக்கோ கால் கிழிஞ்சிருக்கு போலுக்கா" என்றாள்.

அவள் கால்தான் கிழிந்திருந்தது. ஒரு செருப்பு எங்கேயோ வழியில் கழன்று கிடக்க, கண்ணாடிச் சில்லு ஒன்று குதிகாலில் பாதி ஏறியிருந்தது. இடது கால் தன்னிடமிருந்து போய்விட்டது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாசானம் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஊசியால் குத்தினார்கள், சுத்தியலால் தட்டினார்கள், ஒயர் ஒட்டி மின்சாரம் விட்டார்கள், டிவி மாதிரி ஒரு பெட்டியில் கோடு ஓடுவதைப் பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு மலை மலையாக எழும்புகிற கோடு இவளுக்கு வயல் வரப்பு மாதிரி படுத்துக் கிடந்தது. நரம்பைப் பற்றியே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹமீதா என்ற சின்ன வயசு டாக்டர்தான் உட்காரவைத்து விளக்கிச் சொன்னார்.

"ஒயருக்கு மேல ரப்பர் இருக்குல்ல, அதுமாதிரி நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கும்யா. இவங்களுக்கு அந்த உறை தானா கரையுது. கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும். பத்து லட்சம் பேர்ல ஒருத்தருக்குத்தான் வரும்."

"பத்து லட்சம் பேரையும் விட்டுட்டு எங்க வீட்டைத் தேடிக் கண்டுபிடிச்சு வந்திருக்கே, அவ்வளவு வழி தெரிஞ்ச நோய்க்குப் போறதுக்கு வழி தெரியாதாம்மா?" என்று கேட்டான் மாசானம்.

அந்த டாக்டர் நோயின் பேரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பேர் ஒன்றரை வரிக்கு நீளமாக இருந்தது. மருந்து எழுதுகிற இடம் காலியாக இருந்தது.

கார்த்திகை மாசத்தில் வலது காலும் போயிற்று. வடிவு வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், மூன்று தெரு தள்ளி உலகம்மா கொட்டகையின் மூன்றாம் வரிசையில் காளான் பறித்துக்கொண்டிருந்தாள். காளானை அறுக்கக் கூடாது, அடியைப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். உலகம்மா ஒன்றைத் திருகினாள். வீட்டில் வடிவு, "ஸ்... யாரு என் கால் கட்டைவிரலைத் திருகுதது?" என்று வெங்காயத்தைக் கீழே போட்டாள். அடுத்ததைத் திருகினாள். இவள் அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கைக்கு விரல் தெரிந்தது, விரலுக்குக் கை தெரியவில்லை, ஆனால் எங்கேயோ அந்த விரல் வலித்தது. கெட்டிக்காரி இல்லையா, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மாசானத்தைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கொட்டகைக்கு ஓடிப்போயி உலகம்மாக்காவைக் கொஞ்சம் மெதுவாப் பறிக்கச் சொல்லுங்க. அது என் காலு."

மாசானம் ஓடினான். சொன்னான். உலகம்மா நம்பவில்லை என்று இல்லை, சோதித்துப் பார்த்தாள். வடிவு போட்ட பையில் விரலால் கிச்சுக்கிச்சு மூட்டினாள். மூன்று தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து வடிவு சிரிக்கிற சத்தம் கேட்டது. "சரிதான்" என்றாள் உலகம்மா, மற்ற பெண்களைக் கூப்பிட்டு, மார்க்கர் பேனாவால் பையின் மேல் எழுதினாள்: மூன்றாம் வரிசை, வடிவு, இடது கால். அடுத்த பையில்: வலது கால். பெண்கள் வந்து வாசித்துப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். வைக்கோல் வெந்துகொண்டிருந்தது, அதை யார் பார்ப்பது?

அவள் வெறுங்கையால் போட்ட பைகளில் மட்டும்தான் அப்படி நடந்தது. உடம்பில் எந்த இடம் மரத்துப்போகிறதோ அந்த இடம் இரண்டு மூன்று நாளில் கொட்டகையில் ஒரு பையில் வந்து இறங்கும். தையில் கணுக்கால்கள், மாசியில் முழங்கால்கள். எது எங்கே இறங்கியிருக்கிறது என்று தெரிய, பெண்கள் காலையில் வந்ததும் புதுசாகப் போட்ட பைகளை ஒவ்வொன்றாக லேசாகத் தட்டுவார்கள், வடிவு தன் வீட்டு வாசலில் நின்று, "அது ஆடுசதை... அது ஒண்ணுமில்ல, வெறும் காளானு... ஆங், அதுதான் வலது முட்டு!" என்று கத்துவாள். அறுபது நாள் முடிந்து பை சாகப்போகிறபோது, அவளே வந்து பழைய பையிலிருந்து ஒரு கை வெள்ளை நூலைப் பிய்த்துப் புதுப் பையில் விதையாகப் போடுவாள். கால் அங்கே குடிமாறிவிடும். மற்றவர்கள் கையால் போட்டுப் பார்த்தார்கள். காளான் நன்றாகத்தான் வந்தது, வடிவு வரவில்லை.

ஊர் அதற்குத் தகுந்தமாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. மூன்றாம் வரிசையில் பறிக்கிறவள் முதலில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொள்வாள். "வடிவு, திருகட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். கொட்டகைக்குப் பக்கத்தில் யாரும் வெடி போடுவதில்லை, கல்யாண மேளம் தெருமுனையில் நின்றுவிடும், சண்டை போடுகிறவர்கள் ஓடைக்கரைக்குப் போய்ப் போட்டார்கள். சித்திரை வெயிலில் வடிவு கால் எரிகிறது என்று சொன்னால், ஒருத்தி ஓடிப்போய்ப் பையின் மேல் பூமாதிரித் தண்ணீர் தெளிப்பாள். காளானை டவுனுக்குக் கொண்டுபோகிற லோடு ஆட்டோ இருளப்பன் வந்து, "ஓட்டல்ல சாப்பிட்டவன் ஒருத்தன் எந்திரிச்சு நின்னு, ஈரவரப்புல வெறுங்கால்ல நடந்தமாதிரி இருக்குன்னு அழுதானாம், இன்னொரு பிளேட் கேட்டானாம்" என்று சொன்னான். அதைக் கேட்டு வடிவுக்கு ஒரே வெட்கம். "எங்கிட்டுப் போயி என் கால் நடக்குது பாருங்க" என்றாள்.

மாசானம் தினமும் நிழல் இறங்குகிற நேரத்துக்கு டிரம்மை மூடிவிட்டு மூன்றாம் வரிசைக்கு வந்து, இரண்டு பைகளையும் இரண்டு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். பெண்கள் விடுவார்களா?

"என்ன கொழுந்தனாரே, கல்யாணமாகி இருபது வருசத்துல அவ காலைப் பிடிச்சுவிட ஒருநாளு உமக்கு மனசு வந்துச்சா? இப்ப பிளாஸ்டிக் பையைப் பிடிச்சுக்கிட்டு உருகுதீரே!"

"வீட்டுல பிடிச்சா அவளுக்குத் தெரியலையே மதினி" என்றான் மாசானம்.

அதுக்கப்புறம் அந்தக் கேலியை யாரும் செய்யவில்லை.

வைகாசியில் டாக்டர் ஹமீதா பெட்டியோடு ஜீப்பில் வந்தார். வடிவின் காலில் ஒயரை ஒட்டினார். கோடு படுத்துக் கிடந்தது. மூன்றாம் வரிசைப் பையில் ஒட்டினார். கோடு எழுந்து நின்றது, ஒழுங்காக, அழகாக, இருபது வயசுப் பெண்ணின் காலில் ஓடுகிறமாதிரி. டாக்டர் பெட்டியை அணைத்தார். மறுபடி போட்டார். மறுபடியும் மலை மலையாக எழும்பியது. பிறகு அங்கே கவிழ்த்துக் கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். உலகம்மா அவருக்குக் கடுங்காப்பி கொடுத்தாள்.

மாசானம் வந்து எதிரே குந்தி உட்கார்ந்தான். "இங்க இருக்குதே தாயி. போகலையே. கண்ணால பாத்துட்டீகளே. இதை எடுத்து அவ உடம்புல வைக்கதுக்கு ஒரு வழி பாருங்க."

"அண்ணே," என்றார் டாக்டர், "எனக்கு அளக்கத் தெரியும். எழுதி வைக்கத் தெரியும். வேற ஒண்ணும் எனக்குத் தெரியலண்ணே."

கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் நூலை எடுத்துப்போனார். ஆராய்ச்சிக்கூடத்தில் அது வெறும் காளானாக இருந்தது. அதன் பிறகு அவர் பெட்டி எடுத்து வரவில்லை, ஆனால் மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து, பெண்களோடு உட்கார்ந்து வைக்கோல் நிரப்பிவிட்டுப் போவார். அவர் நிரப்பின பைகள் கோணலாகத் தொங்கும். யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை.

இடுப்பு ஆடியில் போயிற்று. ஆவணியிலிருந்து வடிவைக் கட்டிலோடு தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார்கள். ஐப்பசியில் இடது கை போயிற்று. அன்றைக்கு அவள் தன் வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதை போடுவதற்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் குடிமாற்ற ஆள் கிடையாது, அதுக்கப்புறம் அறுபது நாள், அறுபது நாளில் எல்லாப் பையும் சாகும், பையோடு வடிவின் கால், முழங்கால், இடுப்பு, கை எல்லாம் போய்விடும்.

கார்த்திகை கடைசியில் சுண்டுவிரல் மரத்தது. "நாளைக்கே பை போட்டுரணும்" என்றாள் வடிவு. "ஒம்போது பை போதும்."

"எட்டுதானளா வருது, கணக்கு?" என்றாள் உலகம்மா. அதுவரை எட்டுப் பையில்தான் அவள் இருந்தாள்.

"ஒம்போதாவது வலது கைக்குக்கா. வாரப்ப வீடு காலியா இருக்கணும்ல."

மறுநாள் மற்ற பெண்களுக்கு விதைப்பு இல்லை. டிரம்மில் வடிவின் ஒன்பது பைக்கு மட்டும் மாசானம் வைக்கோல் அவித்தான். மலையிலிருந்து குளிர் இறங்கியிருந்தது. கட்டிலில் கிடந்த வடிவின் பல் கிடுகிடுவென்று ஆடுவதை அவன் பார்த்துவிட்டான். கால் குளிர்கிறது, கால் மூன்றாம் வரிசையில் இருக்கிறது. டிரம்மை விட்டுவிட்டுப் போய், தன் துண்டை அடுப்பில் காட்டிச் சூடுபண்ணி, பையைச் சுற்றிப் பொதிந்து, அவள் பல் ஆடுவது நிற்கிறவரைக்கும் அணைத்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்தபோது டிரம்மின் அடியில் நெருப்பு அவிந்து சாம்பல் பூத்திருந்தது. எவ்வளவு நேரம் அவிந்து கிடந்தது என்று அவனுக்குத் தெரியாது. வைக்கோலில் ஆவி வந்துகொண்டுதான் இருந்தது. அள்ளிப் பிழிந்து பார்த்தான். சொட்டு விழவில்லை, உள்ளங்கை ஈரம், பதம் சரியாக இருந்தது. பதம் ஈரத்தைத்தான் சொல்லும், வெந்ததைச் சொல்லாது. மறுபடி அடுப்பு மூட்டி ஒரு மணி நேரம் அவித்து, ஆறவைத்து எடுப்பதற்குள் பொழுது போய்விடும், பொழுது போனால் அந்தக் கையில் இன்னும் எத்தனை விரல் மிஞ்சும்? அவன் வைக்கோலை நிழலில் பரப்பினான்.

வடிவின் வலது கையை அவனேதான் சோப்புப் போட்டுக் கழுவினான், நகக்கண் விடாமல். அவனேதான் ஸ்பிரிட்டில் துடைத்தான். அவள் கையை வைக்கோலுக்குள் விட்டாள். விட்ட கை ஒரு நிமிசம் அப்படியே நின்றது. தலையைத் திருப்பி மாசானத்தைப் பார்த்தாள். அவன் துண்டில்லாமல், கரி பூசின முகத்தோடு, நடுங்கிக்கொண்டு நின்றான்.

"என்னளா? பதம் சரிதானே?" என்றான்.

"சரிதான்" என்றாள் வடிவு. ஒன்பது பையையும் போட்டாள். ஒவ்வொரு பழைய பையிலிருந்தும் ஒரு கை நூல், ஒன்பதாவதில் மட்டும் வெறும் விதை. முடிக்கும்போது இரண்டு விரல்தான் அசைந்தது. நாலாம் நாள் வலது கை போய் ஒன்பதாவது பையில் இறங்கிற்று. உலகம்மா அதைத் தொட்டுப் பார்த்து, "வந்துட்டியா?" என்று கேட்டாள். "வந்துட்டேன்க்கா. வீடு நல்லாத்தான் இருக்கு" என்றாள் வடிவு.

பன்னிரண்டாம் நாள் இடது காலின் மேல் ஒரு பச்சைப் பொட்டு விழுந்தது.

பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். பச்சை விழுந்தால் என்ன செய்யவேண்டும் என்று அத்தனை பேருக்கும் தெரியும், அதை அந்த ஊரில் சொல்லுவதற்கு ஒரு வாய்கூட இல்லை. கடைசியில் மாசானமே, "வீட்டுக்குக் கொண்டுபோயிருதேன் மதினி. ஒம்போதையும். கதவை மூடி வச்சுக்கிடுதேன்" என்றான். ஈரத்துணியால் ஒவ்வொரு பையையும் சுற்றி, குலுக்காமல், கைப்பிள்ளையைத் தூக்குகிறமாதிரி தூக்கிப் போனார்கள். வீட்டு விட்டத்தில், அவள் கட்டிலுக்கு நேர் மேலே, ஒன்பதும் தொங்கின. ஒன்றேகால் வருசம் கழித்து வடிவு முழுசாக ஒரே வீட்டில் இருந்தாள்.

டாக்டர் ஹமீதா ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் வந்தார். பச்சையைப் பார்த்தார். தன் தோள்பையிலிருந்து மருந்துப் புட்டி ஒன்றை எடுத்தார், கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "பச்சையைக் கொல்லுற மருந்து இது. ஆனா ரெண்டும் பூஞ்சைதாண்ணே, இது வெள்ளையையும் சேத்துத்தான் கொல்லும்" என்றார். புட்டியைத் திரும்பத் தோள்பைக்குள் வைத்தார். அன்றைக்கு வேலை எதுவும் இல்லாததால் வடிவின் தலையை வாரிப் பின்னிவிட்டார்.

மாசானம் பொட்டு விழுந்த இடத்தில் உப்பு வைத்துப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கரண்டியைச் சுட்டு அந்த இடத்தைத் தோண்டி எடுக்கப் போனான். ஒரு தோண்டுதான். அவள் போட்ட சத்தத்தில் கரண்டியைத் தெருவில் வீசிவிட்டு வந்து உட்கார்ந்தான். அதுக்கப்புறம் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவன் செய்த வைத்தியம். பச்சை ஒவ்வொரு பையாக ஏறிற்று. "எறும்பு ஊருதமாதிரி இருக்கு" என்பாள், "இப்ப ஊரல" என்பாள், ஊரவில்லை என்றால் அந்தப் பை முடிந்தது. இடது கால், வலது கால், கணுக்கால், ஆடுசதை, முழங்கால், இடுப்பு, இடது கை. முடிந்ததை அவன் இறக்கி, வாயைக் கட்டி, ஓடைக்கு அந்தப் பக்கம் தூக்கிப்போய்ப் புதைத்துவிட்டு வருவான். மார்கழி கடைசியில் வலது கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலும் அடிப்பக்கம் பச்சை.

உலகம்மா ஒருநாள் காலையில் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மாசானம், எப்படிக் கேக்கதுன்னு தெரியல. தை பொறந்ததும் நூத்தம்பது பை கட்டுதோம். பச்சை பொடிவிட ஆரம்பிச்சிட்டா, வீட்டுக்கதவா அதைத் தடுக்கும்? பொங்கலுக்குள்ள..." என்றாள். உள்ளே தொங்குகிற கடைசிப் பையைப் பார்த்தாள். பிறகு, "என் மனசு ஆறலடா. அவ பையில எப்படிப் பச்சை விழும்? எவ கண்ணு பட்டுச்சு? வைக்கோலு வெந்துதான இருந்துச்சு?" என்றாள்.

பன்னிரண்டாம் நாளிலிருந்து அந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் மாசானம் சோறு இறங்காமல் கிடந்தான். சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தான்.

"வைக்கோலு நல்லாத்தான் வெந்திருந்துச்சுக்கா" என்றது உள்ளேயிருந்து வடிவின் குரல். "நான்தான். அவசரத்துல கையைத் துடைக்காமப் போட்டுட்டேன். அவுககிட்டக்கூடச் சொல்லல. என் கையாலதான் கெடுத்தேன்."

உலகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடியே போனாள். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, வடிவுகூட ஒருநாள் கை துடைக்க மறந்துவிட்டாளாம், பாவம். ஊர் அதை நம்பியது. அந்தக் கையை நகக்கண் விடாமல் கழுவித் துடைத்தவன் ஒருத்தன் மட்டும் நம்பவில்லை. அவன் கட்டிலின் காலடியில் நின்று, வைக்கோலுக்குள் ஒரு நிமிசம் நின்றுபோன அந்தக் கையை நினைத்துக்கொண்டான். வைக்கோல் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுமே. அன்றைக்கு மட்டும் சொல்லாமலா இருந்திருக்கும்?

"வடிவு" என்றான். "அன்னைக்கு நெருப்பு..."

"இங்க வாங்க" என்றாள் அவள். "பையை இறக்கி என் பக்கத்துல வையுங்க. வச்சாச்சா? மேல் கீறல் வழியா உங்க கையை உள்ள விடுங்க. கண்ணைத் துடைச்ச கையாத்தான் இருக்கட்டும், பரவால்ல, துடைச்சுட்டு விடுங்க."

அவன் கண்ணைத் துடைத்தான். துடைத்த கையைப் பைக்குள் விட்டான். உள்ளே வெதுவெதுப்பாக, நூல் நூலாக, ஈரமாக இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாலா பக்கத்திலிருந்தும் அந்த வெள்ளை நூல் மெல்ல நெருங்கி வந்து, அவன் கையைச் சுற்றி, ஒரு கைப்பிடி வைக்கோலைப் பிடிக்கிறமாதிரிப் பிடித்தது. ஒரு தடவை இறுக்கிப் பிழிந்தது. பிடியைத் தளர்த்தாமல் கொஞ்ச நேரம் பார்த்தது.

வடிவு கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"சொட்டு விழல" என்றாள். "உள்ளங்கை மட்டுந்தான் ஈரமா இருக்கு. பதம் சரிங்க. வாயைக் கட்டிருங்க."